செட்டிநாட்டு வீட்டுக்கு மேல்விளக்கு வாங்குமுன்: அளவெடுப்பது முதல் மாட்டுவது வரை

கடையில் கண் கூசும் அளவுக்கு எரிந்த விளக்கு, வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) மாட்டியதும் மங்கிப்போகிறது. விளக்கில் குறை இல்லை. கடையின் கூரை 9 அடி, உங்கள் மச்சு 14 அடி. கடையின் சுவர் வெள்ளை, உங்கள் மச்சு நூறு வருஷம் கறுத்த பர்மா தேக்கு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலானவை மின்சாரம் வருவதற்கு முன்பே முற்றத்து வெயிலை நம்பிக் கட்டப்பட்டவை. கூரையில் விளக்குக்கென்று இடம் விட்டுக் கட்டியவர் யாரும் இல்லை. அதனால் இங்கே முதலில் பார்க்க வேண்டியது கூரையின் உயரமும், அது எதனால் ஆனது என்பதும்தான். விளக்கின் அழகு அதற்கு அப்புறம்.

முதலில் அளவு

டேப், பென்சில், ஒரு நோட்டு போதும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நீளம், அகலம், தரையிலிருந்து மச்சு வரை உயரம், தரையிலிருந்து விட்டத்தின் அடிப்பக்கம் வரை உயரம் ஆகிய நான்கையும் குறியுங்கள். உயரம் அளக்க ஏணி வேண்டாம். ஒட்டடைக் கம்பின் நுனியில் டேப்பின் முனையைக் கட்டி மேலே தூக்கினால் போதும். ஃபேன் கொக்கி எங்கே இருக்கிறது, ஊஞ்சல் வளையம் எங்கே, மச்சு மரமா, செங்கல் தளமா, தகரத் தகடா, கான்கிரீட்டா, சுவர் வெள்ளையா வண்ணமா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நோட்டு இல்லாமல் கடைக்குப் போகிறவர் விற்பவரின் யோசனையைத்தான் வாங்கி வருவார்.

எத்தனை வெளிச்சம்?

வாட் என்பது விளக்கு தின்னும் கரண்ட். அது கொடுக்கும் வெளிச்சத்துக்கு அளவு லூமன். பெட்டியில் இரண்டும் இருக்கும், லூமனைப் பாருங்கள். நல்ல 9 வாட் எல்.இ.டி. பல்பு 800 முதல் 900 லூமன் வரை தரும். 20 வாட் எல்.இ.டி. டியூப் ஏறக்குறைய 2000 லூமன் தரும்.

கணக்கு சுலபம். படுக்கும் அறை, பட்டாலை, நடை ஆகியவற்றுக்குச் சதுர அடிக்கு 20 லூமன். அடுப்படி, பிள்ளைகள் படிக்கும் இடம், தையல் மெஷின் இருக்கும் இடம் ஆகியவற்றுக்கு 40. விளக்கிலிருந்து கிளம்பும் வெளிச்சத்தில் பாதி சுவரிலும் கூரையிலும் தூசியிலும் போய்விடும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. 20 லூமன் போட்டால் கீழே சுமார் 100 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்) கிடைக்கும், 40 போட்டால் 200. கூரை கறுத்த மரமாக இருந்தால் கால் பங்கு கூட்டுங்கள்.

20 அடிக்கு 14 அடி பட்டாலை 280 சதுர அடி. 20 ஆல் பெருக்கினால் 5600 லூமன். தேக்கு மச்சுக்குக் கால் பங்கு கூட்டினால் 7000. ஆக, 9 வாட் பல்பு எட்டு. எட்டையும் ஒரே சுவிட்சில் கட்டாதீர்கள். நான்கு நான்காகப் பிரித்தால் விசேஷ நாளுக்கு எட்டும் எரியும், மற்ற நாளில் நான்கு போதும். எட்டும் எரிந்தாலே மொத்தம் 72 வாட்தான், ஒரு சாதாரண சீலிங் ஃபேன் அளவு.

விளக்கைக் கீழே இறக்குங்கள்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். வெளிச்சம் போதவில்லை என்றதும் 9 வாட்டைக் கழற்றிவிட்டு 20 வாட் போடுவார்கள். அப்போதும் போதாது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும் என்பதுதான் காரணம். நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறவரின் மடி தரையிலிருந்து இரண்டரை அடி. விளக்கு 10 அடியில் இருந்தால் இடைவெளி 7.5 அடி, 14 அடியில் இருந்தால் 11.5 அடி. அதே பல்பிலிருந்து நேராக மடிக்கு வருவது பாதிக்கும் குறைவு. வெள்ளைச் சுவர் திருப்பியடிப்பதால் கொஞ்சம் ஈடாகும், முழுவதும் ஆகாது.

ஆகவே 11 அடிக்கு மேல் உயரமுள்ள எந்த அறையிலும் விளக்கை மச்சில் ஒட்டாமல், சங்கிலியிலோ குழாயிலோ தொங்கவிடுங்கள். ஆள் நடக்கும் இடத்தில் விளக்கின் அடிப்பாகம் தரையிலிருந்து ஏழரை அடிக்குக் குறையக் கூடாது. 8 முதல் 9 அடி நல்ல உயரம். சாப்பாட்டு மேசைக்கு மேலே மட்டும் மேசைப் பரப்பிலிருந்து 30 முதல் 36 அங்குலம் வரை இறக்கலாம், அங்கே யாரும் குறுக்கே நடக்கப் போவதில்லை. இரண்டு விளக்குகளுக்கு நடுவே உள்ள தூரம், தரையிலிருந்து விளக்கு இருக்கும் உயரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நடுவில் இருட்டுத் திட்டு விழாது.

ஃபேன் இருக்கிற அறையில் இன்னொரு சங்கடம் உண்டு. 14 அடி மச்சில் விளக்கை ஒட்டிவிட்டு, நீளக் கம்பி போட்டு ஃபேனை 9 அடிக்கு இறக்கினால், இறக்கைகள் வெளிச்சத்தை வெட்டி அறை முழுக்க நிழல் படபடக்கும். தலைவலி வந்த பிறகுதான் காரணம் புரியும். விளக்கு ஃபேன் இறக்கையின் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். 1200 மி.மீ. ஃபேனுக்கு நடுவிலிருந்து இறக்கை நுனி 2 அடி. தொங்கும் விளக்கு காற்றில் ஆடும் என்பதால், நடுவிலிருந்து நான்கு அடியாவது தள்ளி மாட்டுங்கள்.

மஞ்சளா வெள்ளையா

பெட்டியில் 2700, 3000, 4000, 6500 என்று கெல்வின் எண் போட்டிருக்கும். 2700-3000 மஞ்சள், 4000 நடுத்தரம், 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது 6500. தேக்கு நிலையும் ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் மஞ்சளும் உள்ள வீட்டில் அதைப் போட்டால் மரம் சாம்பல் பூத்தது போலவும் தரை வெளுத்தது போலவும் தெரியும். முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), பட்டாலை, சாமி அறை, படுக்கும் அறை எல்லாவற்றுக்கும் 2700 அல்லது 3000 போதும். அடுப்படிக்கும் படிக்கும் இடத்துக்கும் 4000. எங்கள் கருத்தில் 6500-க்கு மோட்டார் ரூமைத் தவிர இந்த வீடுகளில் இடமில்லை.

இன்னொரு எண் சி.ஆர்.ஐ. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது. சாதாரண பல்பு 80, நல்லது 90-க்கு மேல். அந்தப் பொது எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர்சிவப்பு அதில் சேராது, ஆர்9 என்று தனியாகப் பார்க்க வேண்டும். சிவப்புக் கல் தரைக்கும் கண்டாங்கிச் சேலை எடுத்து வைக்கும் அலமாரிக்கும் அந்த எண் முக்கியம். பெட்டியில் போடவில்லை என்றால் ஒரு ஆத்தங்குடிக் கல்லைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய் பல்புக்கு அடியில் வைத்துப் பாருங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

வாங்கும்போது பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணைப் பாருங்கள். அது ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும், ஐ.எஸ். 16102 என்ற எண்ணும் உடன் இருக்கும். ஒரே அறைக்கு வேண்டியதை ஒரே நாளில், ஒரே பெட்டி வரிசையில், இரண்டு கூடுதலாக வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அதே கம்பெனியின் அதே 3000 வாங்கினாலும் நிறம் லேசாக மாறியிருக்கும், வரிசையில் அது மட்டும் தனியாகத் தெரியும்.

இடம் இடமாக

முகப்பிலும் திண்ணையிலும் வெளிச்சத்தைவிட வரவேற்புதான் வேலை. கண்ணாடிக் குண்டு லாந்தர் ஒன்றில் 7 வாட், 2700 போதும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளையும் கண்ணாடியுமான லாந்தர்கள் கிடைக்கும். வாங்குமுன் கண்ணாடியைச் சுண்டிப் பாருங்கள், விரிசல் இருந்தால் சத்தம் மட்டையாக இருக்கும். உள்ளே உள்ள ஹோல்டரையும் ஒயரையும் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். வெளிநாட்டுப் பழைய விளக்குகளில் திருகு ஹோல்டர் இருக்கலாம். நம் வழக்கமான பின் வைத்த பல்பு அதில் ஏறாது, பார்த்து வாங்குங்கள். முழுக்க மூடிய குண்டுக்குள் 9 வாட்டுக்கு மேல் போட வேண்டாம். சூடு வெளியேற வழியில்லாமல் பல்பின் அடிப்பாகத்தில் உள்ள சர்க்யூட் சீக்கிரம் வெந்துபோகும்.

வளவில் முற்றத்துக்குக் குறுக்கே கம்பி இழுத்து நடுவில் விளக்குத் தொங்கவிடும் வழக்கம் உண்டு. மழையும் காற்றும் அடிக்கும் இடம் அது, வேண்டாம். சுற்று ஆளோடியில் ஒன்றுவிட்ட தூண் இடைவெளிகளின் நடுவே 5 வாட் விளக்கைத் தொங்கவிட்டால் முற்றத்துக்கும் அந்த வெளிச்சமே போதும். மழைச்சாரல் அடிக்கும் ஓரத்தில் தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐ.பி. 65 முத்திரை உள்ளதைப் போடுங்கள். ஐப்பசி மழைக்கு ஈசல் வரும். வெள்ளை விளக்கைவிட மஞ்சள் விளக்குக்குப் பூச்சி குறைவாக வரும் என்பது மஞ்சளுக்கு இன்னொரு காரணம். வாய் மேல்நோக்கித் திறந்த கிண்ண விளக்கு இங்கே ஆகாது, ஒரே மழையில் ஈசல் இறகால் நிறைந்துவிடும்.

இரண்டாங்கட்டில் (வளவுக்குப் பின்னால் உள்ள பகுதியில்) பந்தி போடுகிற வீடானால் இந்த ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். விளக்கு வரிசையைச் சாப்பிடுகிறவர் தலைக்கு மேலேயோ முதுகுப் பக்கமோ வைத்தால் அவரவர் தலையின் நிழல் அவரவர் இலையில் விழும். எதிரெதிராக இரண்டு வரிசை உட்கார்ந்தால், நடுவில் பரிமாறுகிறவர் நடக்கும் பாதைக்கு நேர் மேலே விளக்குகளை வரிசையாக மாட்டுங்கள். நிழல் முதுகுக்குப் பின்னால் போய்விடும், இலை வெளிச்சமாக இருக்கும். நிறம் 3000, சி.ஆர்.ஐ. 90.

அடுப்படியிலும் இதே நிழல் தகராறுதான். அறையின் நடுவில் ஒரே டியூப் இருந்தால், மேடைப் பக்கம் திரும்பி நிற்கிறவரின் முதுகில் வெளிச்சம் படும், காய் நறுக்கும் பலகை இருட்டில் கிடக்கும். மேடை இரண்டடி அகலம் என்றால், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, மேடையின் முன்விளிம்புக்கு நேர் மேலே டியூபை மாட்டுங்கள். 10-க்கு 10 அடுப்படிக்கு 4000 லூமன் வேண்டும், அதாவது 20 வாட் டியூப் இரண்டு. ஒன்று மேடைக்கு, இன்னொன்று பாத்திரம் விளக்கும் தொட்டிப் பக்கம். அடுப்புக்கு நேர் மேலே எதுவும் வேண்டாம், எண்ணெய்ப் புகை பிசுக்காகப் படிந்து மூன்றே மாதத்தில் வெளிச்சம் மங்கும். மூடி கழற்றித் துடைக்கக்கூடியதாக வாங்குங்கள்.

வளவைச் சுற்றியுள்ள அறைகள் சின்னவை, ஜன்னல் சின்னது, பகலிலும் இருட்டு. 8-க்கு 10 அறைக்கு 1600 லூமன், 9 வாட் பல்பு இரண்டு. நடுவில் ஒன்றாகப் போடாமல், ஒன்றைக் கட்டில் பக்கமும் மற்றதை அலமாரிக்கு முன்னும் போட்டால் பெட்டிக்குள் தேடுகிறவருக்கு உதவும்.

சாமி அறையில் விளக்கு, படங்களுக்கு முன்பக்கமாக, பார்க்கிறவர் கண்ணில் படாதபடி நிலைக்கு உட்புறம் இருக்கட்டும். குத்துவிளக்குக்கு நேர் மேலே பிளாஸ்டிக் மூடி உள்ள எதையும் மாட்டக் கூடாது. அங்கே ஒரு 5 வாட் மஞ்சள் தாராளம். சுடர் தெரியாத அளவுக்குப் போட்டால் விளக்கேற்றுவதற்கு அர்த்தமில்லை.

மாடிப்படிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு முனையிலும் டூவே சுவிட்ச். மேலே மட்டும் இருந்தால் இறங்குகிறவரின் நிழல் அடுத்த படியை மறைக்கும். செங்குத்தான மரப்படிகளில் இது விளையாட்டல்ல.

சரவிளக்கு

பட்டாலைக்குச் சரவிளக்கு வேண்டும் என்பவர்களுக்கு ஓர் அளவு. அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டுங்கள், வரும் எண் அங்குலத்தில் விளக்கின் அகலம். 20-க்கு 14 அறைக்கு 34 அங்குலம். பழைய சரவிளக்கில் 24 பல்பு, ஒவ்வொன்றும் 40 வாட் என்றால் 960 வாட். மெழுகுவத்தி வடிவ எல்.இ.டி. 4 வாட் போட்டால் 96 வாட், ஒயரும் சூடாகாது. தெளிந்த கண்ணாடியில் இழை தெரியும் வகையையே கேளுங்கள். பால் வெள்ளைப் பல்பு போட்டால் கண்ணாடிச் சரத்தின் மினுக்கம் செத்துவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டரை மாட்டாதீர்கள். மங்கச் செய்யக்கூடியது என்று பெட்டியில் எழுதியிருக்கும் பல்பும், அதற்கான டிம்மரும் வேண்டும். தவறினால் பல்பு இமைக்கும், இல்லாவிட்டால் எரிந்துபோகும்.

எடையை முதலில் நிறுத்துப் பாருங்கள். 3 கிலோ வரை விட்டத்தில் இரண்டரை அங்குலம் இறங்கும் திருகுக் கொக்கி தாங்கும். அதற்கு மேல் என்றால் விட்டத்தின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து, குறுக்கே போல்ட் போட்டு முறுக்கிய யு வடிவக் கிளாம்ப் வேண்டும். விட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று பொள்ளல் சத்தம் கேட்டாலோ, திருப்புளி நுனி சுலபமாக இறங்கினாலோ கறையான் வேலை, அந்த விட்டம் வேண்டாம். மாட்டுமுன் விளக்கின் எடையைப் போல நான்கு மடங்கு மணல் மூட்டையை அந்தக் கொக்கியில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டுப் பாருங்கள். துடைக்க இறக்குவதற்குச் சின்னக் கப்பியும் சங்கிலியும் அப்போதே வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

கூரையில் எங்கே துளை போடலாம்

தேக்குக் கட்டைகளுக்கு மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்தவைத்த மெட்ராஸ் தளமானால், செங்கல்லில் துளை போடவே கூடாது. பிளக் பிடிக்காது, சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிரும், மழைக்காலத்தில் அந்த வழியே கசியும். திருகாணி எல்லாம் கட்டையில்தான். தேக்கு கெட்டி மரம். திருகாணிக் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு கனமான பிட்டால் முதலில் துளைத்துக்கொள்ளாவிட்டால் திருகாணி முறியும் அல்லது மரம் பிளக்கும்.

வண்ணம் தீட்டிய மர மச்சு, செதுக்கு வேலை உள்ள மச்சு இவற்றில் குழி வெட்டி ஸ்பாட் லைட் பதிப்பது பாவம். தகரத் தகடு பதித்த மச்சில் தகடு எடையைத் தாங்காது என்பது ஒரு பக்கம். ஒயரின் தோல் எங்காவது உரிந்தால் மச்சு முழுவதும் ஷாக் அடிக்கும் என்பது அதைவிடப் பெரிது. அங்கே ஒயரைக் குழாய்க்குள்தான் கொண்டுபோக வேண்டும், தகட்டுக்கும் எர்த் கொடுக்க வேண்டும்.

முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து இழைத்த சுவரைப் பிளந்து ஒயர் பதிக்காதீர்கள், பிறகு எந்தக் கொத்தனார் பூசினாலும் ஒட்டு தெரியும். ஒயரை விட்டத்தின் பக்கவாட்டில், மர நிறக் குழாயில் ஓட்டிச் செல்லுங்கள். அந்தச் சுவர் கண்ணாடி போலப் பளபளப்பது என்பதால் மூடியில்லாத பல்பு அதில் பிரதிபலித்துக் கண்ணை உறுத்தும். பால் கண்ணாடி மூடி போட்ட விளக்காகப் பாருங்கள். பல பங்காளிகளுக்குப் பொதுவான வீடானால் துளை போடுமுன் எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், எலெக்ட்ரீஷியன் கூலியைவிட அந்த வழக்குச் செலவு அதிகம்.

புதுக் கான்கிரீட் வீட்டில் ஜிப்சம் சீலிங் அடிப்பவர்களுக்கு: தளத்துக்கும் ஜிப்சத்துக்கும் நடுவே 4 முதல் 6 அங்குலம் இடைவெளி, ஸ்பாட் லைட் சுவரிலிருந்து இரண்டடி, ஒன்றுக்கொன்று நான்கைந்து அடி. வெட்ட வேண்டிய துளையின் விட்டம் பெட்டியில் மில்லிமீட்டரில் போட்டிருக்கும். விளக்கு கைக்கு வந்த பிறகே வெட்டச் சொல்லுங்கள்.

ஒயரிங்

இது லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வேலை. ஆனால் என்ன கேட்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மரச்சட்டத்தில் ஆணியடித்து ஓட்டிய பழைய ஒயரானால் ரப்பர் தோல் மொறுமொறுவென்று உடையும், அதில் புது விளக்கைச் சேர்க்க வேண்டாம். ஒயரின் தோல் கரண்டைக் கசியவிடுகிறதா என்று அளக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மாற்றித்தான் ஆக வேண்டும். விளக்குக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 6 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்), வீட்டு முழுமைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்). உலோக விளக்கு எதுவானாலும் பச்சை ஒயர் எர்த் அவசியம். பழைய வீடுகளில் பெரும்பாலும் விளக்கு லைனுக்கு எர்த்தே இருக்காது. தொங்கும் விளக்கின் எடை சங்கிலியில் நிற்க வேண்டும், ஒயரில் அல்ல.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. மினுக்கென்று மங்கலாக எரிகிறதா? சுவிட்ச் கரண்ட் வரும் பேஸ் ஒயரில் இல்லாமல் நியூட்ரலில் மாட்டியிருக்கலாம், அல்லது சுவிட்சில் குட்டி இண்டிகேட்டர் விளக்கு இருக்கலாம். இரண்டாவது தொந்தரவு மட்டும்தான். முதலாவது ஆபத்து. சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பிப் பல்பு மாற்றுகிறவருக்கு ஷாக் அடிக்கும். டெஸ்டரை ஹோல்டரில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நிரந்தரமாகத் திருகுவதற்கு முன், ஒரு நீள ஒயரில் ஹோல்டர் மாட்டிப் பல்பைப் போட்டு, குறித்த இடத்தில் கயிற்றில் தொங்கவிட்டு ஒரு ராத்திரி எரியவிடுங்கள். பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உட்கார்ந்து, படுத்து, இலை போடும் இடத்தில் குந்திப் பார்த்துவிட்டு, உயரத்தை ஓர் அடி ஏற்றி இறக்கிய பிறகு துளை போடச் சொல்லுங்கள்.

வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடானால், ஒயர் நுழையும் ஒவ்வொரு துளையையும் சிலிக்கானால் அடையுங்கள். பல்லியும் எறும்பும் சீலிங் ரோஸுக்குள் குடியேறி ஷார்ட் ஆவது இந்த வீடுகளில் சர்வசாதாரணம். கிளம்பும்போது மெயினை இறக்கிவிட்டு, திரும்பி வந்ததும் மெயினை ஏற்றுமுன் ஒரு தடவை அந்த மூடிகளைத் திறந்து பாருங்கள்.